லினக்ஸில் ஸ்மார்ட் கார்டு லாகின்: ரீடரிலிருந்து பூட்டுத் திரை வரை

புரசைவாக்கத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீஸ். ஆறு கணினிகள், ஆறிலும் உபுண்டு. எந்த கீபோர்டைத் தூக்கினாலும் அடியில் ஒரு மஞ்சள் சீட்டு, அதில் பாஸ்வேர்டு. ஆர்ட்டிகிள்ஷிப் பையன்கள் வருவதும் போவதுமாக இருக்கும் இடம். யார் எப்போது யாருடைய கணக்கில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "தம்பி, கார்டைச் செருகினா திறக்கணும், உருவினா மூடிக்கணும். முடியுமா?" என்று கேட்டார் ஆடிட்டர். "ரெண்டு மணி நேர வேலை சார்" என்றேன். இரண்டு நாள் ஆனது.

அதில் ஒன்றரை நாளை விழுங்கியது ஒரே தப்பு. மொட்டைமாடி டேங்கில் தண்ணீர் ஏறவில்லை என்றால் முதலில் கீழே சம்பில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்போம், அப்புறம் மோட்டார், அப்புறம் குழாய். நான் நேராக மாடிக்கு ஏறி டேங்கைக் கழற்றினேன். அதாவது ரீடர் கார்டைப் படிக்கிறதா என்றுகூடப் பார்க்காமல் லாகின் அமைப்பில் கை வைத்தேன். இங்கே கீழிருந்து மேலே போகலாம். ஒரு படி பேசுகிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த படி.

கட்டளைப் பெயர்களையும் தமிழ் எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில் முதல் நாலைந்து எழுத்துகளைத் தட்டி டேப் விசையை அழுத்துங்கள், மீதி தானாக வரும். கூட என்னென்ன சேர்க்கலாம் என்பது அந்தந்தக் கட்டளையின் உதவிக் குறிப்பான மேன் பக்கத்தில் இருக்கிறது.

எந்தக் கார்டு?

பர்ஸைத் திறந்தால் நாலைந்து கார்டு இருக்கும். அதில் ஒன்றை வைத்து முடித்துவிடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முடியாது. ஸ்மார்ட் ரேஷன் அட்டையில் பெயரில்தான் ஸ்மார்ட். இருப்பது க்யூஆர் குறியீடு. ஆதார் பிவிசி கார்டிலும் சிப் கிடையாது. மெட்ரோவுக்குத் தேய்க்கும் சிங்காரச் சென்னை கார்டில் சிப் உண்டு, ஆனால் அது பணம் கட்டுவதற்கான கார்டு. நம்முடைய சாவியை அதற்குள் வைக்க வழியில்லை. ஏடிஎம் கார்டும் அதே ஜாதி. ஆனால் ஏடிஎம் கார்டால் இங்கே ஒரு சின்ன உபயோகம் இருக்கிறது, பின்னால் வரும்.

நமக்கு வேண்டியது, ஒரு ரகசியச் சாவியை உள்ளேயே உருவாக்கி, அதை வெளியே விடாமல், அதை வைத்துக் கையெழுத்து மட்டும் போட்டுத் தருகிற சிப். கணினி ஒரு எண்ணை அனுப்பும். கார்டு பின் எண்ணைக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டு அதில் கையெழுத்திடும். ரகசியச் சாவிக்கு ஜோடியாக ஒரு பொதுச் சாவி உண்டு; அது இன்னாருடையது என்று சொல்லும் கோப்புதான் சான்றிதழ். கணினி சான்றிதழில் உள்ள பொதுச் சாவியால் கையெழுத்தைச் சோதிக்கும். ரகசியச் சாவி கார்டை விட்டு வெளியே வருவதே இல்லை.

ஆடிட்டர் ஆபீஸ் என்றால் உடனே எழும் கேள்வி: "டிஎஸ்சி டோக்கன் இருக்கே, அதையே வெச்சுக்கலாமா?" டிஎஸ்சி என்பது ரிட்டர்ன் தாக்கலில் கையெழுத்திடும் டிஜிட்டல் சான்றிதழ், டோக்கன் அதை வைத்திருக்கும் யூஎஸ்பி துண்டு. தொழில்நுட்பரீதியாகச் சில டோக்கன்களில் முடியும். ஆனாலும் வேண்டாம் என்பேன். காரணம் மூன்று. முதலாவது, தினம் பத்து தடவை பின் அடிக்கிற இடத்தில் ஒரு நாள் தப்பாக அடித்து டோக்கன் பூட்டிக்கொண்டால், அன்றைக்கு ரிட்டர்ன் தாக்கல் நின்றுபோகும். இரண்டாவது, டிஎஸ்சி என்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன்படி கையெழுத்துக்குச் சமம். அதைக் கதவுச்சாவியாக மேசைமேல் கிடத்தி வைப்பது, கையெழுத்துப் போட்ட வெற்றுக் காசோலையை டிராயரில் வைப்பது போல. மூன்றாவது, ஈபாஸ் 2003 போன்ற டோக்கன்களை விற்பவர்கள் தங்கள் மென்பொருளால் ஃபார்மட் செய்துதான் தருகிறார்கள். அப்படி ஃபார்மட் செய்ததை, லினக்ஸில் கார்டுகளைப் படிக்கும் மென்பொருளான ஓபன்எஸ்சி படிக்காது. அவர்களுடைய நூலகம்தான் வேண்டும். "படிக்கலையே, ஓபன்எஸ்சியாலேயே அழிச்சுட்டு மறுபடி ஃபார்மட் பண்ணிடுவோம்" என்று மட்டும் இறங்கிவிடாதீர்கள். காசு கொடுத்து வாங்கிய சான்றிதழ் போய்விடும், திரும்பி வராது.

லாகினுக்கென்று தனிக் கார்டு வாங்குங்கள். பிஐவி தரத்தில் உள்ளது எதுவானாலும் சரி. அமெரிக்க அரசு ஊழியர்களின் அடையாள அட்டைக்காக 2005-இல் வந்த ஃபிப்ஸ் 201 தரத்திலிருந்து வந்தது அது. லினக்ஸில் கூடுதல் டிரைவர் எதுவும் கேட்காது. யூபிகீ 5 வாங்கினால் ரீடரும் கார்டும் ஒரே பொருள், யூஎஸ்பியில் நேராகச் செருகலாம். கழுத்தில் மாட்டும் அட்டைதான் வேண்டும் என்றால் பிஐவி அட்டையும் தனி ரீடரும்.

ரீடர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போனால், கடைக்காரர் "எல்லாத்துலயும் ஓடும் சார்" என்பார். பெட்டியில் சிசிஐடி என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். யூஎஸ்பி ரீடர்களுக்கான பொதுத் தரம் அது. அப்படிப் போட்டிருந்தால் லினக்ஸில் தனி டிரைவர் தேட வேண்டியதில்லை. ஏசிஆர் 39யூ, ஆம்னிகீ 3121 இரண்டும் சிக்கல் தராதவை. ஏசிஆர் 38யூ என்ற பழைய மாடலில் சிசிஐடி பேசுவதும் உண்டு, பேசாததும் உண்டு. அதைத் தள்ளிவிடுங்கள்.

முதல் படி: ரீடர் பேசுகிறதா?

உபுண்டு, டெபியன் இரண்டிலும் நிறுவ வேண்டியவை: பிசிஎஸ்சிடி, பிசிஎஸ்சி டூல்ஸ், ஓபன்எஸ்சி, எஸ்எஸ்எஸ்டி, எஸ்எஸ்எஸ்டி டூல்ஸ், லிப்பாம் எஸ்எஸ்எஸ். சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததுதான் என்பதால் அங்கேயும் ஆப்ட் கட்டளைதான். ஃபெடோரா, ரெட்ஹேட் பக்கம் பெயர்கள் கொஞ்சம் மாறும். அங்கே வேறுபடும் கட்டளையை நான்காம் படியான பாம் பகுதியில் சொல்கிறேன்.

பிசிஎஸ்சிடி என்பது ரீடருக்கும் மற்ற நிரல்களுக்கும் நடுவில் உட்காரும் சேவை. சிஸ்டம்சிடிஎல் வைத்து அதன் நிலையைப் பார்த்தால் பெரும்பாலும் "இயங்கவில்லை" என்றே காட்டும். பயப்பட வேண்டாம். யாராவது கூப்பிட்டால் எழுந்துகொள்ளும், 60 விநாடி வேலை இல்லாவிட்டால் தூங்கப் போய்விடும். அதைக் கூப்பிடும் வாசலான சாக்கெட் இயங்குகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இப்போது பிசிஎஸ்சி ஸ்கேன் ஓட்டுங்கள். ரீடரின் பெயர் வர வேண்டும். கார்டைச் செருகியதும் ஏடிஆர் என்று ஒரு வரி வரும். 3பி அல்லது 3எஃப் என்று தொடங்கும் இரட்டை இரட்டை எழுத்துகளின் வரிசை. மின்சாரம் கிடைத்ததும் சிப் "நான் இன்னார்" என்று சொல்கிற முதல் வார்த்தை அது. வரவில்லையா? ஏடிஎம் கார்டைச் செருகிப் பாருங்கள். பின் எதுவும் அடிக்காதீர்கள், சும்மா செருகினால் போதும். அதற்கு ஏடிஆர் வருகிறது என்றால் ரீடர் நல்லாயிருக்கிறது, கோளாறு உங்கள் கார்டில். அதற்கும் வரவில்லை என்றால் ரீடரிலோ யூஎஸ்பி போர்ட்டிலோ கோளாறு.

கார்டின் பொன்னிறத் தகட்டையும் ஒரு தடவை வெளிச்சத்தில் பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடற்கரை ஓரத்து வீடுகளில் உப்புக்காற்றும் வியர்வையும் சேர்ந்து தகட்டில் மங்கலாக ஒரு படலம் கட்டும். பள்ளிக்கூடப் பென்சில் ரப்பரால் மெதுவாக நாலு தேய் தேய்த்து உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். சாணைக்காகிதம், கத்தி எதுவும் வேண்டாம்.

இந்தப் படியிலேயே எனக்கு இன்னொரு அடி விழுந்தது. வீட்டிலிருந்தே, தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக நுழைந்து பிசிஎஸ்சி ஸ்கேன் ஓட்டினேன். அனுமதி இல்லை என்றது. ரீடர் போச்சு என்று மறுநாள் புது ரீடருடன் போய் நின்றேன். பழைய ரீடரில் கோளாறே இல்லை. யாருக்கு எதை அனுமதிக்கலாம் என்று முடிவு செய்யும் போல்கிட்டிடம் பிசிஎஸ்சிடி அனுமதி கேட்கிறது. கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் போல்கிட் கார்டைத் தரும், தொலைவிலிருந்து வருபவருக்குத் தராது. சரியான பாதுகாப்புதான். சோதிக்க வேண்டுமென்றால் நேரில் போய் உட்காருங்கள், அல்லது சூடோ போட்டு ஓட்டுங்கள்.

இரண்டாம் படி: பின், சாவி, சான்றிதழ்

கார்டு கையில் வந்ததும் முதல் வேலை, தொழிற்சாலை எண்களை மாற்றுவது. யூபிகீயில் பின் 123456, பியூகே 12345678. இவை உலகத்துக்கே தெரிந்தவை. யூபிகீயை நிர்வகிக்கும் ஒய்கேமேன் கட்டளையின் பிஐவி பகுதியில் இரண்டையும் மாற்றுங்கள்; மேலாண்மைச் சாவி என்று மூன்றாவதும் ஒன்று உண்டு, அதையும் சேர்த்து. பின் 6 முதல் 8 எழுத்து வரை இருக்கலாம். மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும். பியூகே வைத்துத் திறக்கலாம். பியூகேயையும் மூன்று முறை தப்பாக அடித்தால் பிஐவி பகுதி முழுவதையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பியூகேயைக் கார்டு வைத்திருப்பவரிடம் கொடுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு கவர், உள்ளே பியூகே, மேலே பெயர், ஒட்டி பீரோவில் பூட்டிவிடுங்கள். புரசைவாக்கத்தில் முதல் வாரத்திலேயே இரண்டு கவரைக் கிழிக்க வேண்டி வந்தது. ஒரு பையன் தன் ஏடிஎம் பின்னையே மூன்று தடவை அடித்திருக்கிறான்.

பிஐவி கார்டில் நாலு முக்கிய அறைகள் உண்டு. லாகினுக்கு உரியது 9ஏ. 9சி கையெழுத்துக்கு, 9டி மறையாக்கத்துக்கு, 9ஈ பின் கேட்காமல் கதவு திறப்பது மாதிரி வேலைகளுக்கு. நமக்கு 9ஏ போதும். அதில் ஆர்எஸ்ஏ 2048 சாவியை உருவாக்கச் சொல்லுங்கள். கார்டு கொஞ்சம் யோசிக்கும், அப்புறம் பொதுச் சாவியை மட்டும் ஒரு கோப்பாகத் தரும்.

அடுத்து சான்றிதழ். பெரிய நிறுவனம் என்றால் பயனர்களை ஒரே இடத்தில் நிர்வகிக்க ஃப்ரீஐபிஏ, ஆக்டிவ் டைரக்டரி என்று ஏற்கெனவே ஏதாவது இருக்கும். ஆறு கணினிக்கு அதெல்லாம் வேண்டாம். ஓபன்எஸ்எஸ்எல் வைத்து நாமே ஒரு சின்ன சான்றிதழ் ஆணையம் செய்துகொள்ளலாம். ஆணையத்தின் ரகசியச் சாவியை ஒரு பென்டிரைவில் போட்டு அதே பீரோவில் வையுங்கள். ஆறு கணினிகளில் எதிலும் அது இருக்கக் கூடாது. ஒய்கேமேன் 9ஏ சாவிக்கு ஒரு சான்றிதழ் விண்ணப்பக் கோப்பைத் தரும். அதில் ஆணையத்தின் சாவியால் கையெழுத்திட்டு, வரும் சான்றிதழைத் திரும்ப 9ஏ அறைக்குள் ஏற்றுங்கள்.

கையெழுத்திடும்போது இரண்டு விஷயங்கள் சான்றிதழுக்குள் இருந்தே ஆக வேண்டும்: சாவிப் பயன்பாட்டில் டிஜிட்டல் சிக்னேச்சர், நீட்டித்த பயன்பாட்டில் கிளையன்ட் ஆத். லாகினில் சான்றிதழைச் சரிபார்க்கும் சேவையான எஸ்எஸ்எஸ்டியில் நாம் விதி எதுவும் எழுதாவிட்டால் இந்த இரண்டும் உள்ள சான்றிதழைத்தான் அது ஏற்கும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. விண்ணப்பத்தில் இந்த நீட்சிகளை அழகாக எழுதியிருந்தாலும், ஓபன்எஸ்எஸ்எல்லின் எக்ஸ்509 கட்டளை கையெழுத்திடும்போது அவற்றைச் சத்தமில்லாமல் உதிர்த்துவிடும். நீட்சிகளைத் தனிக் கோப்பில் எழுதி, எக்ஸ்ட்ஃபைல் என்ற தேர்வில் அந்தக் கோப்பைக் காட்ட வேண்டும். முடிந்ததும் சான்றிதழை விரித்துப் படித்து, இரண்டு வரியும் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சான்றிதழின் பெயரில் ஆள் பெயரோடு கார்டு எண்ணும் சேரட்டும்: முருகன் கார்டு 07 என்பது போல. ஏன் என்பது கடைசியில் புரியும். காலாவதித் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். நான் 2 வருடம் கொடுக்கிறேன்.

இந்தப் படிக்கான சோதனை: பிகேசிஎஸ்11 டூல் கட்டளையை லாகின் தேர்வோடு ஓட்டி, உள்ளே இருப்பவற்றைப் பட்டியலிடச் சொல்லுங்கள். பின் கேட்கும். சான்றிதழ், பொதுச் சாவி, ரகசியச் சாவியின் பெயர் மூன்றும் வர வேண்டும். ரகசியச் சாவியின் பெயர்தான் வரும், சாவி வராது. எதுவும் வரவில்லை, ஆனால் பிசிஎஸ்சி ஸ்கேனில் கார்டு தெரிகிறது என்றால், மறையாக்க நிரலான ஜிபிஜியின் எஸ்சி டீமன் கார்டைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். யூபிகீயில் ஜிபிஜியும் பயன்படுத்துபவர்களுக்கு இது அடிக்கடி வரும். அதன் அமைப்புக் கோப்பில் டிசேபிள் சிசிஐடி என்று ஒரு வரி சேர்த்தால், ரீடரை நேராகப் பிடிக்காமல் பிசிஎஸ்சிடி வழியாக வரும்.

மூன்றாம் படி: எஸ்எஸ்எஸ்டி

பழைய வழிகாட்டிகள் எல்லாம் பாம் பிகேசிஎஸ்11 என்ற தொகுப்பைச் சொல்லும். நானும் முதலில் அதைத்தான் போட்டேன். ரெட்ஹேட் 8-ஆம் பதிப்பிலேயே அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்எஸ்டிக்குப் போய்விட்டார்கள். புதிதாகத் தொடங்குபவர்கள் எஸ்எஸ்எஸ்டியிலேயே தொடங்குங்கள்.

ஆணையத்தின் சான்றிதழை, சாவியை அல்ல, ஈடிசி அடைவின் எஸ்எஸ்எஸ்டிக்குள் பிகேஐ என்ற அடைவில் எஸ்எஸ்எஸ்டி ஆத் சிஏ டிபி என்ற பெம் கோப்பாக வையுங்கள். எஸ்எஸ்எஸ்டி அந்தப் பெயரைத்தான் தேடும்; ஒரு எழுத்து மாறினாலும் கண்டுகொள்ளாது. அதில் நம் ஆணையம் ஒன்றே இருக்கட்டும்.

அப்புறம் எஸ்எஸ்எஸ்டி கான்ஃப் கோப்பு. பாம் பகுதியில் பாம் செர்ட் ஆத் என்பதை ட்ரூ ஆக்குங்கள். ஆட்கள் எல்லோரும் அந்தந்தக் கணினியிலேயே உள்ள சாதாரணப் பயனர்கள் என்றால், ஷேடோயூட்டில்ஸ் என்று ஒரு டொமைன் பகுதி எழுத வேண்டும். அதில் நாலு வரி: ஐடி புரோவைடர் என்பது பிராக்சி, பிராக்சி லிப் நேம் என்பது ஃபைல்ஸ், ஆத் புரோவைடர் என்பது நன், லோக்கல் ஆத் பாலிசி என்பது ஒன்லி. இந்த முறை எஸ்எஸ்எஸ்டி 2.9 முதல். உபுண்டு 24.04-இல் அதுதான் வருகிறது. 22.04 போன்ற பழைய பதிப்பில் லோக்கல் ஆத் பாலிசி கிடையாது. அங்கே ஃபைல்ஸ் புரோவைடர் என்ற பழைய முறைதான்.

கடைசியாக, இந்தச் சான்றிதழ் இந்த ஆளுடையது என்று சொல்லும் பகுதி. பெயர் மூன்று துண்டு, நடுவில் சாய்கோடு: செர்ட்மேப், டொமைன் பெயர், பயனர் பெயர். உள்ளே மேட்ச்ரூல் என்று ஒரே வரி, அதில் சப்ஜெக்ட் என்ற குறிக்குப் பின்னால் சான்றிதழின் பெயர். ஆளுக்கு ஒரு பகுதி, அவ்வளவுதான்.

கோப்பின் அனுமதியை 600 ஆக்கி ரூட்டுக்குச் சொந்தமாக்குங்கள். இதை மறந்தால் சேவை எழவே எழாது, உங்கள் வரிகளில் தப்பு தேடித் தேடி மாய்ந்துபோவீர்கள்.

இன்னொரு முடிவையும் இப்போதே எடுத்துவிடுங்கள். சான்றிதழில் ஓசிஎஸ்பி முகவரி இருந்தால், ஒவ்வொரு லாகினிலும் எஸ்எஸ்எஸ்டி அந்த முகவரியைக் கூப்பிட்டு "இது இன்னும் செல்லுமா" என்று கேட்கும். நெட் இல்லை என்றால் உள்ளே விடாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நகரத்தின் பல பகுதிகளில் கரண்டும் நெட்டும் நாள்கணக்கில் இல்லை. யூபிஎஸ்ஸை நம்பிக் கணினியைப் போட்டு, கார்டும் பின்னும் கையில் இருந்தும் வாசலில் நிற்பது எப்படி இருக்கும்! நம் சின்ன ஆணையத்துக்கு ஓசிஎஸ்பி சேவையே கிடையாது, ஆகவே சான்றிதழில் அந்த முகவரியைப் போடாதீர்கள். வேறு ஆணையத்தின் சான்றிதழ் என்றால் செர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன் என்ற வரியில் சாஃப்ட் ஓசிஎஸ்பி போடுங்கள். சேவை கிடைத்தால் கேட்கும், கிடைக்காவிட்டால் விட்டுவிடும்.

சோதனை: எஸ்எஸ்எஸ்சிடிஎல்லின் செர்ட் ஈவல் ரூல் கட்டளையிடம் சான்றிதழையும் மேட்ச்ரூலையும் கொடுத்தால் பொருந்துகிறதா என்று சொல்லிவிடும். பொருந்தியும் லாகின் வரவில்லை என்றால், பி11 சைல்ட் பதிவுக் கோப்பைப் படியுங்கள். கார்டோடு பேசுகிற வேலை அந்த நிரலுடையது. அதற்கு 10 விநாடிதான் கெடு. மெதுவான கார்டு என்றால் பி11 சைல்ட் டைம்அவுட்டைக் கூட்டுங்கள். "சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை" என்று பதிவில் வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள். மதர்போர்டு பேட்டரி தீர்ந்த பழைய கணினி, கரண்ட் போய் வந்ததும் சில வருஷம் பின்னால் போய் நிற்கும்.

நான்காம் படி: பாம்

லினக்ஸில் யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்கிற அடுக்கான பிஏஎம்மை எங்கள் பக்கம் பாம் என்றுதான் சொல்வோம். பெயருக்கேற்ப வெடிக்கவும் செய்யும்.

தொடும் முன்னால் இதைச் செய்துவிடுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி எழுத்துத் திரைக்குப் போய் லாகின் செய்து, சூடோவில் ரூட் ஆகி, அந்தத் திரையை அப்படியே விட்டுவிடுங்கள். எல்லாம் முடிந்து, கணினியை ஒரு தடவை அணைத்துப் போட்டு, கார்டு வேலை செய்கிறது என்று பார்க்கும் வரை அதை மூடாதீர்கள். ஈடிசியில் உள்ள பாம்.டி அடைவையும் நகல் எடுத்து வையுங்கள். ஒரு சனிக்கிழமை சாயந்தரம் நான் இந்த இரண்டையும் செய்யாமல் கார்டு கட்டாயம் என்று போட்டுவிட்டு லாக்அவுட் அழுத்தினேன். கார்டை ஏற்கவில்லை. பாஸ்வேர்டையும் ஏற்கவில்லை. சூடோவும் அதே வழிதானே, அதுவும் இல்லை. கிரப் மெனுவில் ரெகவரி முறைக்குப் போய், ரூட் ஷெல் எடுத்து, படிக்க மட்டும் என்று ஏறியிருந்த வட்டை எழுதும்படி மறுபடி ஏற்றி, பழைய வரிகளை நினைவிலிருந்து எழுதினேன். ஆடிட்டர் சார் எதுவும் சொல்லவில்லை, காபி வாங்கிவரச் சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

உபுண்டுவில் பாம் ஆத் அப்டேட் கட்டளையை ஓட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் எஸ்எஸ்எஸ் ஸ்மார்ட் கார்டுக்கு இரண்டு வரிகள்: ஒன்று ஆப்ஷனல், இன்னொன்று ரிக்வயர்டு. முதலில் ஆப்ஷனல் மட்டும். கார்டு இருந்தால் பின் கேட்கும், இல்லாவிட்டால் வழக்கம்போல பாஸ்வேர்டு. குறைந்தது இரண்டு வாரம் இப்படியே ஓடட்டும். ஆட்களுக்குப் பழக வேண்டும், காணாமல் போகிற கார்டு காணாமல் போக வேண்டும், எந்த ரீடர் தகராறு செய்கிறது என்று தெரிய வேண்டும்.

ரெட்ஹேட், ஃபெடோராவில் இந்த வேலை சுலபம். ஆத்செலக்ட் கட்டளையில் எஸ்எஸ்எஸ்டி சுயவிவரத்தைத் தேர்ந்து, வித் ஸ்மார்ட்கார்டு என்று சேர்த்தால் போதும். கட்டாயமாக்க வித் ஸ்மார்ட்கார்டு ரிக்வயர்டு. பாம் கோப்புகளில் நீங்களே கை வைக்க வேண்டாம். வைத்தால் அடுத்த முறை ஆத்செலக்ட் சண்டைக்கு வரும்.

சோதிக்கும் வரிசையும் முக்கியம். முதலில் எஃப்4 திரையில் எழுத்து லாகின். அடுத்து சூடோ. கடைசியில்தான் கிராஃபிக் லாகின். உபுண்டுவில் கிராஃபிக் லாகின் திரையைக் காட்டும் ஜிடிஎம், கார்டுக்கென்று ஜிடிஎம் ஸ்மார்ட்கார்டு என்ற தனி பாம் கோப்பை வைத்திருக்கிறது. அது எதைச் சுட்டுகிறது என்பதை அப்டேட் ஆல்டர்னேட்டிவ்ஸ் கட்டளையில் மாற்றலாம். எஸ்எஸ்எஸ்டி ஆர் பாஸ்வேர்டு என்று முடிவதைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸ்குளூசிவ் என்று முடிவது கார்டு இல்லாமல் விடாது. எழுத்துத் திரையில் வேலை செய்து கிராஃபிக்கில் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் இந்த இணைப்பு பழைய பிகேசிஎஸ்11 கோப்பைச் சுட்டிக்கொண்டிருக்கும்.

எல்லாம் சரியாகி, கட்டாயமாக்கும் நாள் வந்தாலும், ஒரு நிர்வாகிக் கணக்குக்காவது பாஸ்வேர்டு வழியைத் திறந்து வையுங்கள். நீளமான பாஸ்வேர்டு, தாளில் எழுதி, அதே பீரோவில். அல்லது நிர்வாகிக்கு இரண்டு கார்டு.

கார்டை உருவினால் பூட்ட வேண்டும்

ஆடிட்டர் கேட்டதில் அவருக்கு நிஜமாகவே வேண்டியது இதுதான். டீ குடிக்கக் கிளம்புபவர் கார்டை உருவிக்கொண்டு போனால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும். உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோமில் இது ஒரே வரி: ஜிசெட்டிங்ஸில் செட்டிங்ஸ் டீமனின் ஸ்மார்ட்கார்டு பகுதியில் ரிமூவல் ஆக்‌ஷன் என்பதை லாக் ஸ்க்ரீன் என்று மாற்ற வேண்டும். ஃபோர்ஸ் லாக்அவுட் என்றும் ஒன்று இருக்கிறது. அதைப் போடாதீர்கள். மின்விசிறிக் காற்றில் ஒயர் ஆடி ரீடர் ஒரு விநாடி துண்டிக்கப்பட்டால், சேமிக்காத ஸ்ப்ரெட்ஷீட் வேலை அத்தனையும் போய்விடும். கார்டு போட்டு லாகின் செய்த அமர்வில்தான் இது வேலை செய்யும். பாஸ்வேர்டில் நுழைந்தவர் கார்டை உருவினால் ஒன்றும் ஆகாது.

பூட்டிய திரையை அதே கார்டும் பின்னும் திறக்கும். ஒருவர் பூட்டிவிட்டுப் போன இடத்தில் இன்னொருவர் தன் கார்டைச் செருகினால் முன்னவரின் அமர்வு திறக்காது.

ஒரு புகார் நிச்சயம் வரும்: "லாகின் ஆயிடுச்சு, ஆனா குரோம் திறந்தா மறுபடி பாஸ்வேர்டு கேக்குது." க்னோம் கீரிங் என்ற பெட்டகம் லாகின் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டது. கார்டில் நுழையும்போது பாஸ்வேர்டே கிடையாதே, அது எப்படித் திறக்கும்? தினம் ஒரு தடவை பாஸ்வேர்டு அடிக்கச் சொல்லலாம், அல்லது கீரிங் பாஸ்வேர்டை வெறுமையாக்கலாம். வெறுமையாக்கினால் பிரவுசரில் சேமித்ததெல்லாம் வட்டில் திறந்து கிடக்கும். வட்டு முழுவதும் லக்ஸ் முறையில் மறையாக்கம் செய்திருந்தால் மட்டும் அதற்குப் போங்கள்.

கார்டு தொலைந்தால்

தொலையும். புரசைவாக்கத்தில் இதுவரை மூன்று. ஒன்று வாஷிங் மெஷினில் சட்டைப்பையிலிருந்து கிடைத்தது, துடைத்துச் செருகினால் வேலை செய்தது. மற்ற இரண்டும் எங்கே போனதோ.

சான்றிதழில் எண் போடச் சொன்னது இதற்காகத்தான். சான்றிதழில் முருகன் என்று மட்டும் இருந்து, புதுக் கார்டிலும் அதே பெயர் போட்டால், மேட்ச்ரூலுக்கு இரண்டும் ஒன்றுதான். தொலைந்த கார்டு எவர் கையில் கிடைத்தாலும், பின் தெரிந்தால் திறக்கும். எண் இருந்தால் புதுக் கார்டுக்கு 08 என்று சான்றிதழ் கொடுத்து, ஆறு கணினிகளிலும் மேட்ச்ரூலில் 07-ஐ 08 ஆக்கினால் பழையது செத்துவிடும். ஆட்கள் கூடினால் ஆணையத்திலிருந்து ரத்துப் பட்டியல் எடுத்து, செர்டிஃபிகேட் வெரிஃபிகேஷன் வரியில் சிஆர்எல் ஃபைல் என்று அந்தக் கோப்பைக் காட்டலாம். ஆறு பேருக்கு அது தேவையில்லை. மாற்றியதும் எஸ்எஸ்எஸ்டியை மறுபடி தொடங்கி, எஸ்எஸ்எஸ் கேஷ் கட்டளையால் பழைய நினைவைத் துடைத்து, புதுக் கார்டைச் செருகிப் பாருங்கள். அப்புறம் பீரோவில் 07-இன் பியூகே கவரைக் கிழித்துப் போட்டுவிட்டு 08-க்குப் புதுக் கவர் ஒட்டுங்கள்.